கட்டுகளை அவிழ்த்த கரங்கள்: அருளாளர் ஜான் ஜோசப் லத்தாஸ்த்



யோவான் நற்செய்தி 11ம் பிரிவில் வரும் இலாசரின் நிகழ்வு நம் அனைவருக்கும் தெரிந்ததே. நான்கு நாள்களாகக் கல்லறையில் கிடந்தவரை இயேசு உரத்த குரலில் பெயர் சொல்லி அழைக்கிறார். இலாசர் வெளியே வருகிறார். ஆனால், வந்தவரின் கைகளும் கால்களும் துணியால் கட்டப்பட்டிருக்கின்றன, முகமும் மூடப்பட்டிருக்கிறது. இறந்தவருக்கு உயிர் கொடுத்த ஆண்டவருக்கு அந்தத் துணிக்கட்டுகளை அவிழ்ப்பது ஒரு பெரிய காரியமா? எனினும், அதை அவர் தாமே செய்யவில்லை. சுற்றி நின்ற மக்களிடம் அந்த வேலையை ஒப்படைக்கிறார். உயிர் தருவது கடவுளின் செயல். கட்டுகளை அவிழ்த்து, நடந்து போகவிடுவது சமூகத்தின் கடமை.

சிறைத் தண்டனையை முடித்துவிட்டு வெளியே வரும் ஒரு மனிதரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். சட்டம் அவரை விடுவித்துவிட்டது. ஒப்புரவு அருட்சாதனத்தில் கடவுளும் மன்னித்துவிட்டார். ஆனால், ஊரும் உறவும் அவரை விடுவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் கிடைப்பதில்லை. வேலைக்குப் போனால், நான்காவது நாள் யாராவது ஒருவர் முதலாளியின் காதில் பழைய வழக்கைப் போட்டுவிடுகிறார். மகளுக்கு வரன் பார்க்கும்போது, தந்தையின் சிறைவாசம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. கல்லறையைவிட்டு வெளியே வந்தும், கட்டுகளோடு நிற்கும் இலாசர்கள் இவர்கள்.

இந்தக் கட்டுகளை அவிழ்ப்பதற்கென்றே ஒரு குடும்பத்தை உருவாக்கிய ஓர் இளம் குருவைப் பற்றி இந்தச் சிந்தனையில் பார்ப்போம். குருவாக அவர் வாழ்ந்தது ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் மட்டுமே. சிறைகளின் திருத்தூதர் என்று இன்று திருஅவை அவரை அன்போடு அழைக்கிறது. அவர்தான் அருளாளர் ஜான் ஜோசப் லத்தாஸ்த்.

சிறைச்சாலை இருந்த ஊரில் பிறந்தவர்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கே, போர்தோ நகருக்கு அருகில், கரோன் நதிக்கரையில் காடியாக் என்ற சிறிய ஊர் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். அங்கே 1832ம் ஆண்டு செப்டம்பர் 5ம் தேதி அல்சீத் வித்தால் லத்தாஸ்த் பிறந்தார். தாய் பக்தியுள்ள கத்தோலிக்கப் பெண்மணி. தந்தையோ மத நம்பிக்கையில் நாட்டமில்லாதவர்.

அதே ஊரின் நடுவே, எப்பெர்னோன் கோமகனால் கட்டப்பட்ட ஒரு பெரிய அரண்மனை இருந்தது. 19ம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அரசு அதைப் பெண்களுக்கான மத்திய சிறையாக மாற்றிவிட்டது. லத்தாஸ்த் பிறந்தபோதே அந்தச் சிறை அங்கே இருந்தது. அந்த ஊர்க் குழந்தைகள் அந்த மதில்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள். ஆனால், மதிலுக்கு அப்பால் இருந்த பெண்களின் முகங்களை அவர்கள் பார்த்ததில்லை.

குருவாக வேண்டும் என்ற ஆசை சிறு வயதிலேயே அவருக்கு இருந்தது. எனினும், அந்த மேன்மையான பணிக்குத் தான் தகுதியற்றவன் என்ற எண்ணம் அவரைத் தடுத்தது. எனவே, இளைஞரானதும் அரசின் வரித்துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிரிவா, போ, நெராக் ஆகிய ஊர்களில் பணியாற்றினார். செசில் என்ற நல்ல கிறிஸ்தவப் பெண்ணை விரும்பித் திருமணம் செய்ய நினைத்தார். அதற்கு அவரது தந்தை சம்மதிக்கவில்லை. பின்னர் அந்தப் பெண் நோயுற்று இறந்துபோனார். துறவியாக இருந்த அவரது அன்புச் சகோதரியும் இறந்தார். இந்த இழப்புகள் அவரை ஆழமாகச் சிந்திக்க வைத்தன.

அந்த நாள்களில் அவருக்குத் துணையாக இருந்தது வின்சென்ட் தே பவுல் சபை. நம் பங்குகளிலும் இயங்கிவரும் இந்தச் சபையை, அருளாளர் பிரெடெரிக் ஓசானாம் தம் நண்பர்களோடு 1833ம் ஆண்டு பாரிஸ் நகரில் தொடங்கினார். வேலை நேரம் முடிந்ததும் லத்தாஸ்த் ஏழைகளின் வீடுகளைத் தேடிச் செல்வார். வறுமையும் அவமானமும் ஒரு குடும்பத்தை எப்படி நொறுக்குகின்றன என்பதை அவர் அங்கேதான் நேரில் கண்டார். ஏழையின் வீட்டு வாசலில் நின்று பழகிய அந்த இளைஞர், பின்னாளில் சிறையின் வாசலில் நின்றது தற்செயலானது அல்ல.

மகதலா மரியாவின் முன்னிலையில்

1857ம் ஆண்டு, தனது 25ம் வயதில், வேலையை விட்டுவிட்டு அவர் சாமிநாதர் சபையில், அதாவது தொமினிக்கன் சபையில் சேர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியால் அந்நாட்டில் அழிந்துபோயிருந்த இச்சபையை, புகழ்பெற்ற மறையுரையாளர் அருட்தந்தை லக்கோர்தேர் அப்போதுதான் மீண்டும் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தார். நவதுறவியான லத்தாஸ்துக்கு ஜான் ஜோசப் என்ற பெயர் கொடுக்கப்பட்டது. விரைவில் எலும்பு நோய் அவரைத் தாக்கியது. உடன் இருந்தவர்கள் வார்த்தைப்பாடு கொடுக்க, அவர் நோயாளிகளின் அறையில் படுத்துக் கிடந்தார். சபை தன்னை ஏற்குமா, வீட்டுக்கு அனுப்பிவிடுமா என்று தெரியாத நிலை. ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்று காத்திருப்பதன் வேதனை என்ன என்பதை அவர் தம் சொந்த உடலிலேயே அறிந்திருந்தார்.

பின்னர், படிப்புக்காகத் தென் பிரான்சில் உள்ள சேன் மாக்சிமேன் துறவு இல்லத்திற்கு அவர் அனுப்பப்பட்டார். புனித மகதலா மரியாவின் திருப்பண்டங்கள் வணங்கப்படும் இடம் அது. 1860ம் ஆண்டு மே மாதம், அந்தப் புனிதையின் மண்டை ஓட்டைப் புதிய பேழையில் வைக்கும் சடங்கு நடைபெற்றது. அதை முத்தி செய்த வேளையில், இளம் துறவி லத்தாஸ்தின் உள்ளத்தில் ஓர் எண்ணம் ஆழமாகப் பதிந்தது. மிகப் பெரிய பாவிகளிடத்திலும், மிகப் பெரிய புனிதர்களாவதற்குத் தேவையானது ஒளிந்திருக்கிறது என்பதே அந்த எண்ணம்.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. இயேசுவின் உயிர்ப்பை முதலில் அறிவித்த மகதலா மரியாவையும், பெத்தானியாவில் மார்த்தாவின் சகோதரியாக இருந்த மரியாவையும், லூக்கா நற்செய்தி 7ம் பிரிவில் வரும் பாவியான பெண்ணையும், மேற்கத்தியத் திருஅவை பல நூற்றாண்டுகளாக ஒரே ஆளாகக் கருதிவந்தது. திருத்தந்தை புனித பெரிய கிரகோரியின் காலத்திலிருந்து இந்த மரபு வலுப்பெற்றது. இன்று திருஅவை இவர்களை ஒருவராகக் கொள்வதில்லை. 2016ம் ஆண்டு மகதலா மரியாவின் நினைவு விழாவாக உயர்த்தப்பட்டது. 2021ம் ஆண்டு முதல் மார்த்தா, மரியா, இலாசர் மூவரின் நினைவும் ஜூலை 29 அன்று ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால், லத்தாஸ்தின் காலத்தில் மகதலா மரியா என்றால் பெத்தானியா இல்லத்து மரியாதான். குற்றமறியாத மார்த்தாவும், மன்னிக்கப்பட்ட மரியாவும் ஒரே கூரையின் கீழ் இயேசுவுக்குப் பணிவிடை செய்யும் காட்சிதான் அவர் கண்ட பெத்தானியா. பின்னாளில் அவர் தொடங்கிய சபையின் பெயரும் பொருளும் இங்கிருந்தே வந்தன.

1863ம் ஆண்டு பிப்ரவரி 8ம் தேதி மார்செய் நகரில் அவர் குருவாக அருட்பொழிவு பெற்றார். போர்தோ நகர் இல்லத்திற்கு மறையுரைப் பணிக்காக அனுப்பப்பட்டார்.

நானூறு பெண்கள்

1864ம் ஆண்டு செப்டம்பர் மாதம், பிறந்த ஊரான காடியாக்கின் பெண்கள் சிறையில் தியானம் கொடுக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது 32. ஏறக்குறைய 400 பெண்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். திருட்டு, சிசுக்கொலை போன்ற குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்கள் பலர். காலை முதல் மாலைவரை வேலை, அதுவும் பேசாமல். பிரான்சின் மத்திய சிறைகளில் கைதிகள் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்ற விதி 1839ம் ஆண்டு முதல் கடுமையாக நடைமுறையில் இருந்தது.

அருட்தந்தை லத்தாஸ்த் கனத்த இதயத்தோடுதான் உள்ளே சென்றார். இவர்களிடம் என்ன பேசுவது, பேசி என்ன பயன் வரப்போகிறது என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. எண்களாலும் குற்றங்களின் பெயர்களாலும் அறியப்பட்ட அந்தப் பெண்களின் முன் நின்று, அவர் முதலில் செய்த காரியம் மிக எளியது. அவர்களைத் தமது அன்புச் சகோதரிகள் என்று அழைத்தார். அந்த மதில்களுக்குள் அவர்களை அப்படி யார் அழைத்திருப்பார்கள்?

அவர்களது குற்றங்களை அவர் பட்டியலிடவில்லை. குற்றம் செய்யாதவர்களைப்போல நடிக்கச் சொல்லவும் இல்லை. கடவுள் மனிதரைப் பார்க்கும்போது, நேற்று அவர்கள் என்னவாக இருந்தார்கள் என்பதைப் பார்ப்பதில்லை, இன்று அவர்கள் உள்ளத்தில் உள்ள அன்பையே பார்க்கிறார் என்று எடுத்துரைத்தார். தாங்களாகத் தேர்ந்துகொள்ளாத இந்த அடைபட்ட வாழ்வை, அடைபட்ட மடங்களில் வாழும் துறவியரைப்போல அன்பினால் ஏற்று, கடவுளுக்குக் காணிக்கையாக்க முடியும் என்று காட்டினார். தியான நாள்களில் பெண்கள் அணியணியாக ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வந்தார்கள். நற்கருணை ஆண்டவர் ஆராதனைக்கு வைக்கப்பட்டபோது, பகல் முழுவதும் வேலை செய்து களைத்த அந்தப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு இரவிலும் விழித்திருந்து செபித்தார்கள்.

பாவமன்னிப்புப் பெற்ற அந்தப் பெண்களில் சிலர் மற்றொன்றையும் அவரிடம் திறந்து சொன்னார்கள். தங்கள் எஞ்சிய வாழ்வைக் கடவுளுக்கே கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்தது. ஆனால், சிறைக்குச் சென்று வந்த பெண்ணை எந்தத் துறவற மடம் சேர்த்துக்கொள்ளும்? துறவறத்தை விடுங்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு வீடு உண்டா?

விடுதலைக்குப் பின் காத்திருந்த சிறை

அந்தக் காலத்துப் பிரான்சின் நிலையை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கடுமையான தண்டனை பெற்ற பலர் விடுதலைக்குப் பிறகும் காவல்துறையின் கண்காணிப்பின் கீழ் வாழ வேண்டியிருந்தது. விரும்பிய ஊரில் குடியிருக்க முடியாது. இந்தக் கண்காணிப்பு முறை 1885ம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. லத்தாஸ்த் சிறைக்குள் நுழைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1862ல், விக்டர் ஹ்யூகோவின் புகழ்பெற்ற நாவல் வெளியானது. கவியோகி சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார்; 1950ல் அதே பெயரில் திரைப்படமாகவும் நம் மக்கள் பார்த்தார்கள். பத்தொன்பது ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வரும் கதாநாயகனுக்கு எந்தச் சத்திரத்திலும் இடம் கிடைப்பதில்லை. ஓர் ஆயர்தான் கதவைத் திறந்து, தம்மோடு பந்தியில் அமர வைக்கிறார். நாவலில் வந்த அந்தக் கதவை நாட்டில் தேடினால் எளிதில் கிடைக்காது என்பதுதான் அன்றைய உண்மை.

பெண்களின் நிலை இன்னும் மோசம். தவறிழைத்த பெண்களுக்குப் புகலிடம் தந்த இல்லங்கள் திருஅவையில் அப்போதும் இருந்தன. புனித மரிய யூப்ரேசியா அந்நாட்டில் வளர்த்தெடுத்த நல்லாயன் சபை இதில் மாபெரும் பணி செய்துவந்தது. மனம் திரும்பிய பெண்கள் செப வாழ்வு வாழவும் அங்கே தனிப் பிரிவு இருந்தது. ஆனால், அது தனிப் பிரிவுதான். அவர்களுக்குப் பணிவிடை செய்த சகோதரிகள் வேறு, பணிவிடை பெற்ற பெண்கள் வேறு. அந்தக் கோட்டை யாரும் தாண்ட முடியாது. அந்தக் காலத்தில் அதுவே மிகப் பெரிய இரக்கச் செயலாக இருந்தது என்பதை நாம் மறுக்கக் கூடாது.

சிறைச் சிற்றாலயத்தில் நற்கருணை ஆண்டவரின் முன் முழந்தாளிட்டிருந்தபோது, இந்தக் கோட்டையே அழித்துவிடும் ஒரு குடும்பத்தை அருட்தந்தை லத்தாஸ்த் மனக்கண்ணில் கண்டார். அங்கே நேர்மையான குடும்பத்திலிருந்து வந்த பெண்ணும், சிறையிலிருந்து வந்த பெண்ணும் ஒரே சபையின் சகோதரிகள். ஒரே உடை, ஒரே மேசை, ஒரே செபம். 1865ம் ஆண்டு செப்டம்பரில் அவர் மீண்டும் அதே சிறைக்குத் தியானம் கொடுக்கச் சென்றார். ஓர் ஆண்டுக்கு முன் மனம் மாறிய பெண்கள் அந்த மாற்றத்தில் நிலைத்திருப்பதைக் கண்டார். அவருடைய தயக்கம் நீங்கியது.

நற்பெயரைக் கொடுத்தவர்கள்

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கைதிகள்மீது இரக்கம் காட்டலாம், ஆனால் அவர்களுக்கு மற்றவர்களோடு சமமாகத் துறவற உடை கொடுப்பதா என்று பலரும் தயங்கினார்கள். அருட்தந்தை லத்தாஸ்த் 1866ல் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். மறுவாழ்வு பெற்ற பெண்கள் என்ற பொருள்படும் தலைப்பு அதற்கு. காடியாக் சிறையில் தாம் கண்டதையெல்லாம் அதில் விவரித்தார். சிறைவாசிகளைத் திருத்துவதைவிட, அவர்களைப் பற்றிய பொதுமக்களின் எண்ணத்தைத் திருத்துவது கடினம் என்று அவர் அறிந்திருந்தார். ஆகவே, இல்லத்தைத் திறக்கும் முன்பே ஊராரின் மனக்கதவைத் தட்டினார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 14ம் தேதி, மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவிற்கு முந்தைய நாள், பெசான்சோன் மறைமாவட்டத்தில் ஃப்ரான் லெ ஷாத்தோ என்ற கிராமத்தில் பெத்தானியா இல்லம் பிறந்தது. தூர் நகரின் காணிக்கை அன்னை சபையில் பல ஆண்டுகள் பணியாற்றிய அன்னை ஹென்றி தொமினிக் அதன் முதல் தலைவியானார். சில நாள்களிலோ மாதங்களிலோ அல்ல, தகுந்த பயிற்சிக் காலத்திற்குப் பிறகே பெண்கள் சகோதரிகளாக ஏற்கப்பட்டார்கள். இரக்கம் என்ற பெயரில் அவசரப்படுவது அந்தப் பெண்களுக்கே தீங்காகும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்புக்குரியவர்களே, இந்த இல்லத்தின் ஒழுங்குகளில் ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். யார் எங்கிருந்து வந்தார் என்று அங்கே ஒருவர் மற்றவரைக் கேட்பதில்லை. பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது அவர்களோடு நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ, எந்தச் சகோதரி சிறையிலிருந்து வந்தவர், எவர் நல்ல குடும்பத்திலிருந்து வந்தவர் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதன் பொருள் என்ன? சிறைக்குச் சென்ற பெண்ணின் கடந்தகாலம் மறைக்கப்பட்டது என்பது ஒரு பாதி. மறுபாதி இன்னும் ஆழமானது. வாழ்நாளில் எந்தத் தவறும் செய்யாத ஒரு பெண், பெத்தானியாவின் உடையை அணிந்த நாள் முதல், தெருவில் போவோர் வருவோர் எல்லாரும் தன்னையும் ஒரு முன்னாள் கைதி என்று நினைக்கக் கூடும் என்பதை ஏற்றுக்கொள்கிறார். நான் அப்படிப்பட்டவள் அல்ல என்று ஒருமுறைகூட அவர் சொல்ல முடியாது. சொன்னால், பக்கத்தில் நிற்கும் சகோதரியைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். குடும்பம், கல்வி, பொருள் ஆகியவற்றைத் துறப்பதைவிடக் கடினமானது நற்பெயரைத் துறப்பது. அந்தத் துறவைத்தான் பெத்தானியாவின் சகோதரிகள் செய்தார்கள்.

இது அவர்கள் கண்டுபிடித்த வழி அல்ல; நம் ஆண்டவர் நடந்த வழி. பாவமற்ற அவர், யோர்தான் நதியில் பாவிகளின் வரிசையில் நின்று திருமுழுக்குப் பெற்றார். சக்கேயுவின் வீட்டில் தங்கி, ஊராரின் முணுமுணுப்பைச் சம்பாதித்தார். இரு குற்றவாளிகளின் நடுவே, அவர்களில் ஒருவராக எண்ணப்பட்டு இறந்தார். அவரோடு அன்று விண்ணகம் நுழைந்தவரும் தண்டனை பெற்ற ஒரு கைதியே.

குறுகிய வாழ்வு, நீண்ட பலன்

இல்லம் தொடங்கி மூன்று ஆண்டுகள்கூட அருட்தந்தை லத்தாஸ்த் உயிரோடிருக்கவில்லை. புனித யோசேப்பின் மீது அவருக்கு மிகுந்த பக்தி இருந்தது. அந்தப் புனிதர் அகில உலகத் திருஅவையின் பாதுகாவலராக அறிவிக்கப்பட வேண்டும் என்று 1868ல் திருத்தந்தை 9ம் பத்திநாதருக்கு எழுதி, அதற்காகத் தம் உயிரையே காணிக்கையாக ஒப்புக்கொடுத்தார். 1869ம் ஆண்டு மார்ச் 10ம் தேதி, யோசேப்பின் வணக்க மாதத்தில், பெத்தானியா இல்லத்திலேயே தம் 36ம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1870ம் ஆண்டு டிசம்பர் 8ம் தேதி திருத்தந்தை அந்த அறிவிப்பை வெளியிட்டார்.

ஆள் போய்விட்டால் பணியும் போய்விடும் என்பதே நாம் வழக்கமாகக் காண்பது. பெத்தானியாவில் அப்படி நடக்கவில்லை. அன்னை ஹென்றி தொமினிக்கின் வழிகாட்டலில் சகோதரிகள் பெசான்சோன் நகருக்கு அருகில் மொன்ஃபெரானுக்குக் குடிபெயர்ந்து, பணியைத் தொடர்ந்தார்கள். ஓர் ஆளின் இரக்கத்தை நம்பியிராமல், ஒரு குழுமத்தின் வாழ்வுமுறையாக அது மாறியிருந்ததே இதற்குக் காரணம். 1914ல் நெதர்லாந்தில் பெத்தானியாவின் மற்றொரு கிளையும் தோன்றி, ஆதரவற்ற சிறார்களின் பராமரிப்பில் ஈடுபட்டது. இயக்குநர் ரொபேர் பிரெசோன் 1943ல் எடுத்த முதல் முழுநீளத் திரைப்படம் இந்தச் சகோதரிகளின் வாழ்வால் தூண்டப்பெற்றதே. 2012ம் ஆண்டு ஜூன் 3ம் தேதி பெசான்சோன் நகரில், திருத்தந்தை 16ம் பெனடிக்டின் பெயரால் கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ அவர்கள், அருட்தந்தை லத்தாஸ்தை அருளாளராக அறிவித்தார்.

நமக்கு விடப்படும் அழைப்பு

நம் நாட்டிலும் இத்தகைய பணி நடைபெற்று வருகிறது. 1981ல் கேரளாவில் இளம் குருமாணவர்களின் முயற்சியாகத் தொடங்கிய 'பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா' என்ற சிறைப்பணி அமைப்பு, இன்று இந்திய ஆயர் பேரவையின் கீழ், சிறைவாசிகளைச் சந்திப்பதோடு, விடுதலையானவர்களுக்கு மறுவாழ்வு இல்லங்களையும் நடத்துகிறது. அதன் பாதுகாவலர் புனித மாக்சிமிலியன் கோல்பே. 1941ல், சக கைதி ஒருவருக்குப் பதிலாகத் தம்மைக் கொடுத்து வதை முகாமில் உயிர்விட்டவர். அவர் இறந்ததும் ஆகஸ்ட் 14ம் தேதிதான். பெத்தானியா பிறந்த அதே நாள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாத இரண்டாம் ஞாயிறை இந்தியத் திருஅவை சிறைப்பணி ஞாயிறாகச் சிறப்பிக்கிறது. அன்று காணிக்கை போடுகிறோம். விசுவாசிகள் மன்றாட்டில் சிறைவாசிகளுக்காகச் செபிக்கிறோம். அது நல்லது. ஆனால், நாம் யாருக்காக மன்றாடினோமோ அவர் விடுதலையாகி, அடுத்த ஞாயிறு நம் ஆலயத்தில், நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வோம்? சற்று நகர்ந்து இடம் கொடுப்போமா, அல்லது நகர்ந்தே போய்விடுவோமா?

குற்றத்தைச் சிறியதாக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் கண்ணீர் உண்மையானது. அதற்கும் திருஅவை பதில் சொல்லியாக வேண்டும். எச்சரிக்கையும் சில இடங்களில் தேவை. ஆனால், தண்டனையை அனுபவித்து முடித்தவருக்கு, நீதிமன்றம் விதிக்காத ஆயுள் தண்டனையை ஊர் விதிப்பது எந்த நீதி? அது பாதிக்கப்பட்டவரின் கண்ணீரையும் துடைப்பதில்லை. வேலையும் உறவும் கிடைக்காத மனிதர், தம்மை ஏற்றுக்கொள்ளும் ஒரே கூட்டத்திடம், அதாவது பழைய கூட்டாளிகளிடமே, திரும்பிப் போகிறார். பிறகு, அவன் திருந்தமாட்டான் என்று அன்றே சொன்னேனே என்று நாம் பேசிக்கொள்கிறோம்.

திருத்தூதர் பணிகள் நூலின் 9ம் பிரிவை வாசித்துப் பாருங்கள். கிறிஸ்தவர்களைச் சிறையில் அடைத்த சவுல், மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது, சீடர்கள் அவரைக் கண்டு அஞ்சினார்கள், நம்பவில்லை. தமஸ்கு செல்லும் வழியில் உயிர்த்த ஆண்டவர் அவரை ஆட்கொண்டது போதவில்லை. எருசலேமில் ஒரு பர்னபா தேவைப்பட்டார். பர்னபா அவரைக் கைப்பிடித்துத் திருத்தூதர்களிடம் அழைத்துச் சென்றார். தம் நற்பெயரை அவருக்காகப் பிணையாக வைத்தார். அன்று பர்னபா ஒதுங்கிப் போயிருந்தால், சவுல் எருசலேமில் யாருடைய கதவைத் தட்டியிருப்பார்?

நம் அன்பியங்களில் இத்தகைய பர்னபாக்கள் வேண்டும். சிறை சென்றவரின் குடும்பத்தை, அவர் உள்ளே இருக்கும்போதே கைவிடாமல் சந்திக்கும் ஒரு வீடு வேண்டும். இவருக்கு நான் பொறுப்பு என்று சொல்லி ஒரு வேலையோ, வாடகை வீடோ வாங்கித்தரும் ஒருவர் வேண்டும். பழைய கதை நம் காதுக்கு வரும்போது, அதை அடுத்த காதுக்கு அனுப்பாத நாவடக்கம் வேண்டும். இவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. ஆனால், ஒரு விலை உண்டு. அவனோடு சேர்ந்து திரிகிறானே என்று நம்மையும் நாலுபேர் பேசுவார்கள். பெத்தானியாவின் சகோதரிகள் வாழ்நாள் முழுவதும் கொடுத்த விலை அதுதான். அதில் ஒரு சிறு பங்கையாவது கொடுக்க நம்மால் இயலாதா?

இலாசரைக் கட்டியிருந்த துணிகளை அவிழ்த்த மக்களின் பெயர்கள் நற்செய்தியில் இல்லை. நான்கு நாள் பிணத்தைக் கட்டியிருந்த துணிகளைத் தொட அவர்களும் அருவருத்திருக்கலாம். தொட்டால் தீட்டு என்று சட்டமும் இருந்தது. ஆனாலும் ஆண்டவர் சொன்னதால் தொட்டார்கள், அவிழ்த்தார்கள். இலாசர் வீடு திரும்பினார். சில நாள்களில் இயேசுவோடு பந்தியில் அமர்ந்தார். அத்தகைய கரங்களை நமக்கும் தரும்படி, அருளாளர் ஜான் ஜோசப் லத்தாஸ்தின் பரிந்துரை வழியாக ஆண்டவரை வேண்டுவோம். ஆமென்.